மெதுவாகப் போனால் கருகும்

மரம் அறுக்கும்போது எனக்குத் தூக்கம் வருவதுபோல் இருக்கும். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். காதைப் பிளக்கிற சத்தத்தில் எப்படித் தூக்கம் வரும் என்று கேட்பார்கள். படுத்துக் குறட்டை விடும் தூக்கத்தைச் சொல்லவில்லை. கண் திறந்திருக்கும், கை கன்ட்ரோல் பெட்டியின்மேல் இருக்கும், மனது மட்டும் மெல்லத் தண்ணீருக்குள் இறங்கிப் போய்க்கொண்டிருக்கும். காது மூடியைப் போட்டுக்கொண்டால் சத்தம் எங்கோ தூரத்தில் பெய்யும் மழையாகிவிடும். கணினி சொன்னபடி மரம் வெட்டும் சிஎன்சி ரௌட்டர் தன் பாட்டுக்குப் பலகையின்மேல் போய் வரும். ஷட்டர் கதவு வழியாக வரும் வெயிலில் மரத்தூள் கீழே இறங்க மனமில்லாமல் மிதந்துகொண்டே இருக்கும். நான் எந்தக் காலத்தில் இருக்கிறேன் என்பதே சில சமயம் மறந்துபோகும். போன் அடித்தால் எரிச்சல் வரும்.

என் பட்டறை சிங்கப்பூரில், பிடோக் வடக்கில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. பட்டறை என்று சொன்னால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், ஒரு மிஷின், ஒரு மேசை, சுவரோரம் பிளைவுட் அடுக்கு, அவ்வளவுதான். அரசு கட்டித்தரும் வீவக அடுக்குமாடி வீடுகளுக்குச் சாமி மாடம் செய்கிறேன். வரவேற்பறையில் டிவிக்கும் ஷூ அலமாரிக்கும் நடுவில் சாமிக்கு மிஞ்சும் இடம் எவ்வளவோ, அந்த அளவுக்குள் கோபுரம், கதவு, விளக்கு வைக்க இழுப்பறை எல்லாம் வர வேண்டும். கதவில் பூவோ சங்கோ ஓட்டை ஓட்டையான பின்னலாக வெட்டி, சின்னச் சின்னப் பித்தளை மணிகள் தொங்கவிடுவேன். மணி குலுங்காத கதவு சாமி மாடக் கதவே இல்லை என்பது இங்கே பலருக்கு உறுதியான எண்ணம்.

பார்க்க வருகிறவர்கள் மிஷினைப் பார்த்து, "அதுவே எல்லாம் பார்த்துக்குமா?" என்று கேட்பார்கள். அதற்கு ஒன்றுமே தெரியாது. எந்தக் கோட்டில் போக வேண்டும், எவ்வளவு வேகத்தில் போக வேண்டும், ஒரு தடவைக்கு எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். கோடு போடுவது சுலபம். வேகமும் ஆழமும்தான் ஆளைப் படுத்தும்.

வெட்டுகிற பிட் ஒரு பென்சில் தடிமன் இருக்கும். அதில் இரண்டு பல். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு பல்லும் மரத்தைக் கொஞ்சம் கடிக்க வேண்டும். கடிக்கிற அளவு சரியாக இருந்தால் மரம் செதில் செதிலாக வந்து விழும், சூட்டையும் அந்தச் செதிலே தூக்கிக்கொண்டு போய்விடும். ரொம்ப வேகமாகத் தள்ளினால் மிஷின் அலறும், நார் பிய்யும், பிட் ஒடியும். சரி, அப்படியானால் மெதுவாகத் தள்ளுவோம் என்றால் அங்கேதான் சங்கடம். மெதுவாகப் போனால் பல் கடிக்காது. அதே இடத்தில் நின்று தேய்க்கும். செதிலுக்குப் பதிலாக மாவு வரும். சூடு போக வழியில்லாமல் மரத்துக்குள்ளேயே தங்கும். மரம் கருகிவிடும்.

இது புதிதாக வருகிறவர்கள் யாருக்கும் நம்பக் கஷ்டமாக இருக்கும். மெதுவாகப் போவது பத்திரம் என்றுதானே நம்மை வளர்த்திருக்கிறார்கள். எத்தனையோ பேருக்கு இதை விளக்கி வாய் வலித்திருக்கிறது எனக்கு. எம்டிஎஃப் பலகைக்கு இவ்வளவு, ரப்பர் மரத்துக்கு இவ்வளவு, தேக்குக்கு இவ்வளவு என்று கணக்குகள் எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அப்படி இருந்தும் என் அக்காவின் பலகையில் என் கை என்ன செய்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அக்கா கிளமெண்டியில் இருக்கிறாள். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அவளும் அத்தானும் கல்யாணமாகி அந்த வீட்டுக்குக் குடிபோனதிலிருந்து, சாமி படங்கள் அடுப்படி அலமாரியின் மேல்தட்டில், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தன. அத்தான் பெரிய முருக பக்தர். முருகனை மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. யாரோ பழைய கடைவீடு ஒன்றைப் பிரித்தபோது வந்த பர்மா தேக்கு என்று ஒரு பலகையை எங்கிருந்தோ தூக்கி வந்தார். நல்ல அகலம். இரண்டாக அறுத்தால் சாமி மாடத்துக்குச் சரியாக இரண்டு கதவு வரும், ஒரு விரல் அகலம்கூட மிஞ்சாது. அதன் ஒரு பாதியில் அவரே பென்சிலால் ஒரு மயில் வரைந்தார். அதைக் காட்டத்தான் என்னை அன்றைக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்.

அது மயில் மாதிரியே இல்லை. கழுத்து குட்டையாகவும் வயிறு பெரிதாகவும் இருந்தது. நான் சும்மா இருக்கவில்லை. இது கோழி என்றேன். அவர் மயில் என்றார். முருகன் கொடியில் சேவல் உண்டு, அதனால் கோழி என்றாலும் குற்றமில்லை என்று நான் சமாதானம் சொன்னேன். அதற்கும் கோபித்துக்கொண்டார். எங்கள் இரண்டு பேருக்கும் அப்படித்தான், பார்த்தால் சண்டை, பார்க்காவிட்டால் போன் போட்டுச் சண்டை. அந்தப் பலகை பழைய நியூஸ்பேப்பரில் சுற்றப்பட்டு அவர்கள் வீட்டில் சாமான் அடைத்துவைக்கும் பாம் ஷெல்டர் அறைக்குள் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் நின்றது. எப்போது வெட்டலாம் என்று நான் கேட்கும்போதெல்லாம், "அடுத்த தீபாவளிக்குப் பண்ணிடலாம் லா" என்பார்.

எத்தனையோ தீபாவளி வந்து போனது. ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பிப் போனவர் ரயில் நிலையப் படிக்கட்டில் களைப்பாக உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

ஒரு வருஷம் அக்கா வீட்டில் நல்லநாள் எதுவும் கிடையாது. வருஷத் திதி கொடுத்து முடிந்த பிறகு, ஜூன் விடுமுறையில், அவளே எனக்குப் போன் செய்தாள். பலகையை வெட்ட வேண்டும் என்றாள். அந்த மயிலையே வெட்ட வேண்டும், திருத்தக் கூடாது. நல்ல நேரத்தில் தொடங்கி, ராகு காலம் பிறப்பதற்குள் இரண்டு கதவும் முடிந்திருக்க வேண்டும்.

நான் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்தேன். ராகு காலத்தைப் பற்றி இந்த அக்காவா பேசுகிறாள் என்றிருந்தது. நாள் நட்சத்திரம் பார்க்கிறவர் அத்தான். அவரைக் கிண்டல் செய்வதே அவள் பொழுதுபோக்கு. ஒரு தடவை உறவுக்காரக் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்த நேரம் ராகு காலமாகிவிட்டது என்று, அது முடியும்வரை எங்கள் எல்லாரையும் கார் பார்க்கிங்கிலேயே உட்கார வைத்துவிட்டார். மண்டபத்தில் சாப்பாடு மணக்க, நாங்கள் பட்டுப்புடவையில் வேர்த்து வழிய, காருக்குள் முறுக்குத் தின்றுகொண்டிருந்தோம். அக்கா அன்றைக்கு அவரிடம் பேசிய பேச்சு இருக்கிறதே. அவள்தான் இப்போது நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு புதன்கிழமையைச் சொன்னாள்.

சரிக்கா என்றேன். முன்பெல்லாம் நான் இப்படி உடனே சரி என்று சொல்கிற ஆள் இல்லை. ஆனால் அந்த வருஷம் முழுக்க அவளிடம் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லியிருந்தேன். சித்தி, பெரியம்மா, அக்காவின் சிநேகிதிகள் என்று ஆளாளுக்கு என்னிடம் சொல்லி வைத்திருந்தார்கள், பார்த்துப் பேசு, உன் வாய் சும்மா இருக்காது, அவள் மனசு நோகும்படி எதையும் இழுத்து வைக்காதே என்று. அதனால் அவள் வீட்டுக்குப் போனால் செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றினேன்.

பலகையை ஏற்றிவர என் வேனோடு போனேன். அது நீளம். பின்னால் படுக்கவைத்தால் முனை முன்சீட்டுக்கு நடுவே வந்து நின்றது. அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் பலகை. கிளமெண்டியிலிருந்து பிடோக்குக்குத் தீவின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம்வரை வந்தோம். சாயங்கால வெயில் எல்லாக் கட்டடத்தின் கண்ணாடியிலும் ஒரே நேரத்தில் பட்டது. கிழக்குக் கரைச் சாலையில் வரும்போது கடலில் கப்பல்கள் அசையாமல் நின்றன. அவை நிற்கின்றனவா, நாங்கள் நிற்கிறோமா என்று ஒரு நிமிடம் எனக்குத் தெரியவில்லை. அக்கா பலகையின்மேல் கையை வைத்தபடி, தேக்கு எத்தனை வருஷம் உழைக்கும், கரையான் வருமா, எண்ணெய் பூச வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நானும் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். பலகையைப் பற்றி எவ்வளவோ பேசினோம். அதை வாங்கியவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மணி வாங்க இரண்டு பேரும் தேக்காவுக்குப் போனோம். லிட்டில் இந்தியாவில் எனக்கு வழக்கமான பாத்திரக்கடை ஒன்று உண்டு. கடைக்காரர் மணிகளைச் சரம் சரமாக எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின்மேல் கொட்டினார். அக்கா ஒவ்வொரு மணியாக எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். வெளியே பூக்கடைகளில் மல்லிகைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். பஸ் போன சத்தம், கோயில் மேளம், யாரோ போனில் ஊருக்குப் பேசும் சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவில் அவள் ஒரு சின்ன மணியின் ஓசை அடங்கும்வரை கண்ணை மூடிக் கேட்டாள். அடங்கியதும் அடுத்த மணி. கடைக்காரருக்குப் பொறுமை போய்விடும் என்று பயந்தேன். அவர் கிண்ணத்தைத் துடைப்பதுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் செய்தி தெரிந்திருந்தது. ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. கிளம்பும்போது மட்டும், மெதுவாகப் போய்ட்டு வாங்கம்மா என்றார்.

புதன்கிழமைக்கு முன்பே நான் எல்லாவற்றையும் தயார் செய்திருந்தேன். பலகையைப் படம் எடுத்து, அத்தானின் கோட்டை அப்படியே கணினியில் ஏற்றினேன். கழுத்தைக் கொஞ்சம் நீட்டலாமா என்று கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். இரண்டாவது கதவுக்கு அதே மயிலைத் திருப்பி வைத்தேன். வேறொரு தேக்குத் துண்டில் சோதனை வெட்டும் பார்த்தேன். நிமிடத்துக்கு மூன்று மீட்டர் வேகம், ஒரு தடவைக்கு மூன்று மில்லிமீட்டர் ஆழம். செதில் நன்றாகப் பறந்தது. விளிம்பைக் கையால் தடவினால் வழுவழுவென்றிருந்தது. அந்தக் கணக்கில் ஓட்டினால் இரண்டு கதவும் ராகு காலத்துக்கு வெகுமுன்பே முடிந்துவிடும்.

அன்றைக்குக் காலையில் அக்கா குளித்துத் தலை ஈரத்தோடு வந்தாள். கையில் ஒரு சாப்பாட்டுத் தூக்கு. மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். ஆயுத பூஜைக்கு நானே வைப்பதுதான், ஆனால் அவள் வைத்தபோது மிஷின் எனக்கே புதிதாகத் தெரிந்தது. பலகையின் நாலு மூலையிலும் பொட்டு வைத்தாள். பிறகு அந்த மயிலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பென்சில் கோடு சில இடங்களில் அழுத்தியும் சில இடங்களில் விட்டும் இருந்தது. வாலுக்குப் பக்கத்தில் அழித்து அழித்து வரைந்த அழுக்கு. ஓரத்தில் ஒரு விரல்ரேகை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிட் போகப்போவது அந்தக் கோட்டின்மேல். போன பிறகு மயில் இருக்கும், கோடு இருக்காது. அவர் கை பட்ட கோட்டை நான் அறுத்துத் தூளாக்கப் போகிறேன். பலகை பழையது, உள்ளே எங்கே வெடிப்பு இருக்கிறதோ தெரியாது. வேறு பலகை கிடையாது. அக்காவிடம் அவர் விட்டுப்போனதில், கையெழுத்துப் போட்ட பேப்பர்களைத் தவிர, அவர் ஆசைப்பட்டுச் செய்தது இது ஒன்றுதான். இது போனால் போனதுதான்.

கன்ட்ரோல் பெட்டியில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருக்கிறது. நூறு சதவீதத்தில் நிற்க வேண்டியது. என் கை அதை நாற்பதுக்கு இறக்கியது. அதோடு நிற்கவில்லை, ஆழத்தையும் மூன்றிலிருந்து ஒன்றாக்கினேன். சுழற்சியையும் சேர்த்துக் குறைத்திருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம், அது அந்த நேரத்தில் தோன்றவில்லை. மெல்ல, மெல்ல என்று மட்டும்தான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் தெரிந்த தொழில் எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

நல்ல நேரம் பிறந்தது. அக்கா கையாலேயே பச்சைப் பொத்தானை அழுத்த வைத்தேன். பிட் இறங்கி வாலின் முதல் கண்ணை வெட்ட ஆரம்பித்தது. அக்கா காது மூடியோடு பெட்டித் திரையைப் பார்த்தாள். கணக்கு ஆசிரியை இல்லையா. என் தோளைத் தட்டி, நாற்பது என்றால் மதியத்துக்குள் முடியாதே என்று சைகையில் கேட்டாள். பார்த்துக்கலாம் என்று நானும் சைகையில் சொன்னேன்.

மிஷின் போனது, வந்தது, போனது. எனக்கு வழக்கமான அந்த மயக்கம் வந்தது. மயில், வெயில், தூள், சந்தன வாசனை எல்லாம் ஒன்றாகக் கலந்து நேரம் எங்கேயோ நழுவியது. தேக்கின் வாசனை நன்றாக இருக்கும், பழைய தோலும் எண்ணெயும் கலந்தாற்போல. அதில் மூழ்கியிருந்தேன். வாசனை மாறியதை நான் முதலில் கவனிக்கவில்லை. அக்காதான் மூக்கைச் சுளித்தாள். அடி பிடித்த பாலின் நாற்றம். குனிந்து பார்த்தேன். செதில் ஒன்றுகூட இல்லை, எல்லாம் பவுடர் மாதிரி மாவு. வாலின் கண்களைச் சுற்றி, வெட்டின சுவர் முழுக்கக் கறுப்பு. ஒரு மெல்லிய புகை எழுந்து குங்குமப் பொட்டின்மேல் நெளிந்தது.

மிஷினை நிறுத்தினேன். எனக்கு வேறு யார்மேலாவது கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் இல்லை, என் கைதான். பிட்டைக் கழற்றித் தொட்டுப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டேன். கருகலைப் போக்க வழி இருந்தது. புதுப் பிட் போட்டு, ஒரு முடியளவு தள்ளி, சரியான வேகத்தில் ஒரு தடவை விட்டால் கறுப்பைச் சீவி எடுத்துவிடலாம். மயிலின் வால் அந்த முடியளவு மெலியும். ஆனால் ஏற்கெனவே மெல்லியதாக இருந்த இடம் தாங்குமா, ஒடியுமா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. கணினியில் பிட் போகும் பாதையை அந்த முடியளவு தள்ளிவைத்துவிட்டு நிமிர்ந்தபோது, அக்கா சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். ராகு காலம் பிறந்துவிட்டது.

தொடங்கிய வேலையைத் தொடர்ந்தால் தோஷமில்லை, தொடங்கத்தான் கூடாது என்றேன். கேட்டவரைக்கும் அப்படித்தான் சொல்வார்கள். அக்கா தலையை ஆட்டினாள். நிறுத்திவிட்டதை மறுபடி தொடங்குவது தொடங்குவதுதான் என்றாள்.

அதனால் உட்கார்ந்தோம். பிளைவுட் அடுக்கின்மேல், பலகைக்கு எதிரே. அவள் தூக்கைத் திறந்தாள். புளிசாதமும் பொரித்த அப்பளமும். மிஷின் நின்ற பிறகு பட்டறையில் இருந்த அமைதி காதில் அடைத்தது. கீழே லாரி ஒன்று பின்னால் எடுக்கும் பீப் பீப் சத்தம் கேட்டது, அதுவும் நின்றது. தூள் மெதுவாக இறங்கி எங்கள் கைகளின்மேல் படிந்தது. ராகு காலத்தில் நேரத்துக்கு வேலையில்லை. அது எங்களோடு உட்கார்ந்து அப்பளம் தின்றது.

ஏன் கருகியது என்று அக்கா கேட்டாள். மரம் மோசமா என்றாள். மரத்தின்மேல் பழியைப் போட எனக்கு மனசு வரவில்லை. விளக்கினேன். பல் கடிக்க வேண்டும், கடித்தால்தான் சூடு வெளியேறும், மெதுவாகப் போனால் தேய்த்துத் தேய்த்துக் கருக்கும், எனக்கு இது நன்றாகத் தெரியும், பயத்தில் குறைத்துவிட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வகுப்பில் பிள்ளையின் கணக்கைப் பார்ப்பதுபோல் கேட்டாள்.

"ஒரு வருஷமா என் வீட்டுக்கு வர்ற எல்லாரும் இப்படித்தான்," என்றாள். "மெதுவா வர்றீங்க, மெதுவாப் பேசுறீங்க, மெதுவாப் போயிடுறீங்க. அவங்களை விடு. நீ சண்டைக்காரி. நீ அத்தான்னு சொல்லி நான் கேட்டு ஒரு வருஷம் ஆச்சு."

நான் அப்பளத்தை ஒடித்து ஒடித்துத் தூக்கின் மூடியில் போட்டேன்.

"நான் ஒருத்தி மட்டும் நினைச்சிட்டு இருக்கேன். யாருமே பேசலைன்னா, அப்படி ஒருத்தர் இருந்தாரான்னே சில நாள் எனக்குச் சந்தேகமா இருக்கு."

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஆறுதல் வரவில்லை. என் பழைய குணம்தான் வந்தது.

"அத்தானுக்கு வரையவே தெரியாதுக்கா," என்றேன். "அது மயிலே இல்ல. கோழி. சத்தியமா கோழி. நான் அப்பவே சொன்னேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். பயந்துபோனேன். பிறகு அவள் வாயில் இருந்த சோறு சிதறும்படி சிரித்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள். அதன் பிறகு எங்களுக்குப் பேச்சு நிற்கவில்லை. கார் பார்க்கிங் முறுக்கு, அவர் தொலைத்த குடைகள், எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறேன் என்று அவர் அழைத்துவந்த ஆள் தூங்கிப்போனது. அத்தான், அத்தான் என்று வாய் ஓயாமல் சொன்னேன். அந்தச் சொல் இவ்வளவு நாள் எனக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. வெயில் நகர்ந்து மயிலின்மேல் வந்து நின்றது, அங்கிருந்தும் நகர்ந்தது.

ஒரு வருஷமாகக் கேட்கக் கூடாது என்று வைத்திருந்ததையும் கேட்டேன். அன்றைக்குக் காலையில் கிளம்பும்போது என்ன சொன்னார் என்று.

"வரும்போது தயிர் வாங்கிட்டு வரவான்னு கேட்டாரு," என்றாள். "வேணாம், இருக்குன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

இன்னும் ஏதோ சொல்லப்போனாள். அப்போது கடிகாரத்தைப் பார்த்துவிட்டாள். ராகு காலம் முடிந்திருந்தது. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து மிஷினுக்குப் பக்கத்தில் நின்றாள்.

புதுப் பிட்டைப் பூட்டினேன். திருகை நூறுக்கு ஏற்றினேன். ஆழத்தைப் பழையபடி வைத்தேன். என் விரல் திருகைவிட்டு நகராததை அவள் பார்த்தாள்.

"ஒடிஞ்சா ஒடியட்டும்," என்றாள். "குறைக்காதே."

காது மூடிகளைப் போட்டுக்கொண்டோம். பிட் மரத்தில் இறங்கியது. சத்தமே வேறு மாதிரி இருந்தது, நிறைவான ஒரு முழக்கம். கறுப்புச் சுவரைச் சீவிக்கொண்டு போக, உள்ளிருந்து பொன்னிற மரம் வெளியே வந்தது. மெலிந்த இடத்தில் வாலின் விளிம்பு அதிர்ந்தது, தாங்கியது. செதில் தெறித்து என் முழங்கையில் பட்டது. பென்சில் கோடு கண்முன்னே போய்க்கொண்டிருந்தது. அழித்து அழித்து வரைந்த அழுக்கும், ஓரத்து விரல்ரேகையும் ஒரு நொடியில் போயின. அது போன இடத்தில் குட்டைக் கழுத்தோடு அந்த மயில் எழுந்து நின்றது. பிட் வயிற்றுக்குத் திரும்பியது. நான் சந்தோஷமாக அக்காவைப் பார்த்தேன்.

அவள் காது மூடியைக் கழற்றியிருந்தாள். வாய் திறந்திருந்தது. ஏதோ சொல்கிறாள் என்று நினைத்து என் காது மூடியின் ஒரு பக்கத்தைத் தூக்கினேன். அவள் எதுவும் சொல்லவில்லை, அழுதுகொண்டிருந்தாள். வீட்டில் அழுத மாதிரி இல்லை. அங்கே ஒரு விசும்பல் கேட்டால் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும், யாராவது தண்ணீர் கொண்டுவருவார்கள், முதுகைத் தடவுவார்கள், அழாதே என்பார்கள். இங்கே மிஷின் போட்ட சத்தத்தில் அவள் வயிற்றிலிருந்து வாய்விட்டு அலறியது ஒரு கை தூரத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. முகம் முழுக்கத் தூள் அப்பியிருந்தது, அதில் கண்ணீர் கோடு போட்டு இறங்கியது.

என் கை தானாகச் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. நிறுத்திவிட்டு ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் தோன்றியது. நிறுத்தினால் சத்தம் அடங்கும். சத்தம் அடங்கினால் அவளும் அடங்கிவிடுவாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றுமில்லை என்பாள்.

கையை எடுத்துவிட்டேன். முதல் கதவு முடிந்தது. நான் காத்திருக்கவில்லை, பலகையின் இரண்டாவது பாதியில் பிட்டை அதே வேகத்தில் இறக்கினேன். மிஷின் ஓடியது, அக்கா அழுதாள்.